இஞ்சிப் பச்சடி இல்லாத சொதி

தென்காசி
20-1-58

சௌபாக்கியவதி மகள் மாரித்தாய்க்கு உன் அப்பா சிவனணைந்தபெருமாள் எழுதிக்கொள்வது. குற்றாலநாதர் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். எனக்குப் பல்வலி, அவளுக்கு முழங்கால் வலி. அதெல்லாம் சுகத்தோடு சேர்ந்ததுதான். உன் சுகத்துக்கும் மாப்பிள்ளை தாணு சுகத்துக்கும் எழுதவும். கோயம்புத்தூர்க் குளிருக்குக் காதைக் கட்டிக்கொண்டு படு.

நிற்க. உங்க சண்பகவல்லி மில் ஃபுட்பால் டீமுக்கு ஆட இடமில்லாமப் போகப்போகுதாமே? அவங்க ஆடுத மைதானத்திலே கட்டடம் வருதுன்னு நம்ம ஜவுளிக்கடை துல்கர்னைன் பாய் சொன்னார். எந்த ஊர் நல்ல மைதானமும் ரெண்டாயிரம் பேர் உட்காரக் கேலரியும் தருதோ, அந்த ஊருக்கே டீமைக் குடியேத்தி, அந்த ஊர்ப் பேரிலேயே ஆடவிடுதோம்னு முதலாளி சொல்லியிருக்காராம். எந்த ஊரும் சரிப்படாட்டா, மில்லுக்குள்ளேயே பஞ்சு மூட்டை அடுக்குத கிட்டங்கி பக்கத்திலே ஒரு இடத்தை நிரத்தி ஆடிக்கிடுவாங்களாம். மத்த ஊரெல்லாம் பின்வாங்கிட்டு. இப்போ தென்காசிக்கும் பஞ்சுக் கிட்டங்கிக்கும்தான் போட்டி.

உடனே கமிட்டி போட்டாச்சு. பாய்தான் செக்ரட்டரி. கேலரி போடுத பொறுப்பு எனக்கு. கல்யாணப் பந்தலும் கோயில் கொடைப் பந்தலும் போட்டுப் பிழைக்கவனுக்கு இது ஒரு பதவி. நமக்கு ஃபுட்பால் ஞானம் எவ்வளவுன்னு உனக்குத் தெரியும். ஆஃப்சைடுன்னா என்னன்னு பாய் டீக்கடையிலே நாலு கிளாசை நகட்டி நகட்டி விளக்கினார். கடைசியிலே எனக்கு விளங்கினது, டீ ஆறிப்போச்சுங்கது மட்டுந்தான். எட்டாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவன் நான். அதிலேயும் ஆறாங்கிளாஸ் பிடிச்சுப்போய் ரெண்டு வருஷம் படிச்சேன். இவ்வளவுதான் ஏறும்.

உனக்கு மாப்பிள்ளை பார்த்தப்போ, "பையன் என்ன செய்யுதான்?"னு கேட்டவங்ககிட்டே, "பந்து ஆடுததுக்கு மில்லிலே சம்பளம் வாங்குதான்"னு சொல்ல எனக்குக் கூச்சமா இருந்தது. இப்போ ஊரே என்னைத் தேடி வருது. கோல்கீப்பர் மாமனாராம். மத்தவன் எல்லாம் ஓடி வேர்க்க, நம்ம மாப்பிள்ளை மட்டும் ரெண்டு கம்புக்கு நடுவிலே நிக்கார். பந்தல்காரன் மருமகன் கம்புக்கு நடுவிலே நிக்கது பொருத்தந்தான்.

டீம் வந்தா மாப்பிள்ளை வருவார். மாப்பிள்ளை வந்தா நீயும் இங்கன வந்திருவே. அதுக்குத்தான் இந்தப் பாடு. உன்னை ரெயிலேத்தி விட்டுட்டு வந்து உன் அம்மா அழுத அழுகை இருக்கே. எனக்கு ஜங்ஷன் தூசி கண்ணிலே விழுந்ததோட சரி.

நீ வாத்திச்சி ட்ரெயினிங் முடிச்ச சர்ட்டிபிகேட்டைப் பெட்டியிலே பத்திரமா வை. என் மகள் வேலைக்குப் போய்த்தான் சோறு திங்கணும்னு இல்லைன்னு சம்பந்திகிட்டே நான் அன்னைக்கே சொன்னவன். நாளைக்குப் பேரப்பிள்ளைக்கு அ, ஆ சொல்லிக் கொடுக்க உதவும்.

பதில் போடு.
உன் அப்பா

* * *

கோயம்புத்தூர்
23-2-58, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மாரித்தாய் நமஸ்காரம். நானும் அவுகளும் நல்லா இருக்கோம். உங்க பல்லை இழுத்தடிக்காம டாக்டர்கிட்டே காட்டுங்க. அம்மா முழங்காலுக்கு நொச்சி ஒத்தடம் கொடுங்க. லெட்டர் எழுத நாளாயிட்டு. வேலை சரியா இருக்கு.

நீங்க ஃபுட்பால் கமிட்டியிலே சேர்ந்ததை அவுககிட்டே வாசிச்சுக் காட்டினேன். கம்பு விஷயத்துக்கு விழுந்து விழுந்து சிரிச்சாக. டீம் முழுக்கச் சொல்லிட்டாக. இப்போ அவுகளுக்கு மில்லிலே "பந்தல்"னு பட்டப்பேர்.

தென்காசிக்கு வந்தா அம்மா கையாலே சாப்பிடலாம்னு அவுக சொல்லுதாக. இங்க வெயில் ஏற ஆரம்பிச்சிட்டு. வேற விசேஷம் இல்லை.

மாரித்தாய்

* * *

தென்காசி
19-3-58

மகள் மாரித்தாய்க்கு அப்பாவின் ஆசி. உன் கடிதாசி கிடைத்தது. பல்லைப் பிடுங்கியாச்சு. வலித்தது ஒன்று, பிடுங்கினது பக்கத்துப் பல்லோ என்று சந்தேகம். மற்றபடி சுகம். நீ பகலில் தூங்காதே, எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்றைக்கு மட்டுமாவது.

மைதானம் அமைஞ்சிட்டு. இலஞ்சி ரோட்டிலே முனிசிபாலிட்டி தரிசு. முள்ளை வெட்டி, கல்லைப் பொறுக்கி, உருளை ஓட்டி நிரத்தியாச்சு. கேலரிக்குப் பண்பொழித் தோப்பிலேருந்து கமுகு மரம் வருது. இரும்பு வேணும்னு கமிட்டியிலே சிலபேர். "மலையாளத்துப் பக்கம் கமுகிலேதான் கேலரி. கமுகு வளையும், ஒடியாது. மனுசன் மாதிரி இல்லை"ன்னேன். கை தட்டினாங்க. ஒரு வரிசை கட்டி, பலம் பார்க்க நாதஸ்வரக் கோஷ்டியை ஏத்தி உட்கார வச்சு வாசிக்கச் சொன்னேன். நம்ம தவில்காரர் உடம்பு உனக்குத் தெரியுமே. தனி ஆவர்த்தனம் முடியுத வரைக்கும் கேலரி நின்னுது. கீழே நின்ன எனக்குத்தான் கால் ஆடுச்சு.

சாரல் தொடங்கினதும் மில் மேனேஜர் பார்வையிட வருதாராம். காலை வண்டியிலே வந்து, அன்னைக்குச் சாயங்கால வண்டியிலே திரும்பிருவார். அதுக்கு நான் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன்: முதல்லே மைதானம், அப்புறந்தான் அருவி. காரணம், போன வருஷம் ரோடு போட வந்த இன்ஜினீயரை நம்ம ஊர் மரியாதைப்படி முதல்லே குற்றாலத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. எண்ணெய் தேய்க்க சுடலைமாடன் கையிலே கொடுத்தாங்க. அவன் தேய்ச்ச தேய்ப்பிலே, அருவியிலே நின்னு வந்து, நாலு கை சோறும் தின்ன மனுசன் சாய்ஞ்சார். எழும்பினப்போ விளக்கு வச்சாச்சு. ரோடு செங்கோட்டைக்குப் போயிட்டு. விருந்தாளியைக் கண்டா அருவிக்கு இழுத்துட்டுப் போகத நோய் நம்ம ஊர்க்காரனுக்கு மட்டுந்தான் உண்டு. தீர்மானம் ஏகமனதா நிறைவேறிச்சு. "அண்ணாச்சிக்கும் மூளை இருக்கு"ன்னு பாய் மினிட் நோட்டிலே எழுதாத குறை.

ஸ்டேஷன் பக்கத்திலே உங்களுக்கு ஒரு வீடு பார்த்து வச்சிருக்கேன். ரெண்டு அறை, கிணறு, முருங்கை ஒண்ணு. உன் அம்மா இப்பவே அங்கன போய்ப் பெருக்கிட்டு வருதா. மே மாசம் நீ வந்து ஒரு பார்வை பாரு.

அப்பா

* * *

கோயம்புத்தூர்
27-4-58, ஞாயிறு

அன்புள்ள அப்பா அம்மாவுக்கு நமஸ்காரம். நாங்க சுகம். உங்க ரெண்டு பேர் உடம்புக்கும் எழுதுங்க. பதில் எழுதப் பிந்திட்டு, கோபிக்காதீங்க.

வீட்டுக்காரங்ககிட்டே இப்பவே வாக்குக் கொடுத்திராதீங்க. மில்லுலே என்ன முடிவு எடுப்பாங்களோ. அம்மாவைப் பெருக்க வேண்டாம்னு சொல்லுங்க, முழங்கால் இருக்கே.

மே மாசம் வர முடியாது. அவுகளுக்கு டோர்னமென்ட் இருக்கு, தனியா விட்டுட்டு வர முடியலே.

தவில்காரர் விஷயம் படிச்சுச் சிரிச்சேன். கமுகு எத்தனை பாகை வளைஞ்சா ஒடியும்னு ஒரு கணக்கு போடலாம்போல இருக்கு.

மாரித்தாய்

* * *

கோயம்புத்தூர், லாட்ஜ்
17-6-58

அன்பும் மதிப்பும் உள்ள சிவனணைந்த அண்ணாச்சிக்கு துல்கர்னைன் ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் கிருபையால் சுகமாக வந்து சேர்ந்தேன். வேஷ்டி கொள்முதல் முடிந்தது. ஆச்சி உடம்பு எப்படி?

நீர் கொடுத்துவிட்ட முறுக்கைக் கொடுக்க மாரி வீட்டுக்குப் போனேன், பூட்டிக் கிடக்கு. பக்கத்து வீட்டம்மா, "டீச்சரம்மாவுங்களா? ஸ்கூல் விட்டு சாயங்காலந்தானுங்க வருவாங்க"ன்னா. நான் வேற வீட்டுக்கு வந்துட்டேன்னு நினைச்சு, "தென்காசி மாரித்தாய்ம்மா"ன்னேன். "அவங்களேதானுங்க. முனிசிபல் ஸ்கூல்லே ஒரு வருசமாச்சுங்க. வர்ற ஆகஸ்ட்டிலே நிரந்தரமாக்குறாங்க. அது வரைக்கும் ஊரை விட்டுப் போயிராம இருக்கணும்னு மாரியம்மனுக்கு நேர்ந்துட்டிருக்காங்க. இந்த ஊர் முனிசிபாலிட்டி வேலையைத் தூக்கிட்டு வேற ஊருக்குப் போக முடியாதுங்களே"ன்னா. ஓய், இவ்வளவு நடந்திருக்கு, நீர் ஒரு வார்த்தை சொல்லலியே.

மனசு கேக்காமப் பள்ளிக்கூடத்துக்கே போனேன். ஜன்னல் வழியாப் பார்த்தேன். கரும்பலகையிலே ஒரு பந்தல் படம் போட்டு, நாலு கால், குறுக்கே எத்தனை மூங்கில்னு கணக்கு நடத்துதா. பிள்ளைங்க அடைசலா உட்கார்ந்திருக்கு. ஒரு பய தப்பாச் சொன்னதும், "ஏலே, உன் பந்தல்லே கல்யாணம் நடந்தா மாப்பிள்ளை தலையிலே விழுமே"ன்னா. கிளாசே சிரிச்சுது. அப்படியே உம்ம குரல், அண்ணாச்சி. ஆனா பாடம் விளங்குத மாதிரி. உள்ளே போய்க் கூப்பிடலே. கோல் அடிக்க ஓடுதவனை நிறுத்தி வெத்திலை கேக்க மாதிரி இருக்குமேன்னு, முறுக்கைப் பக்கத்து வீட்டிலேயே கொடுத்துட்டு வந்துட்டேன்.

மில்லிலே விசாரிச்சேன். ஜூலை ஆறாம் தேதி மேனேஜர் வருதது உறுதி. முதலாளிக்கு நம்ம ஊர்தான் மனசிலே. மேனேஜர் மைதானத்தைப் பார்த்து ஒரு தலையாட்டு ஆட்டணும், அவ்வளவுதான். எனக்கு ராத்திரித் தூக்கமே வரலே.

துல்கர்னைன்

* * *

கோயம்புத்தூர்
18-6-58

அப்பாவுக்கு நமஸ்காரம். முறுக்கு கிடைத்தது. நான் கடைக்குப் போயிருந்தேன். பாய் மாமா வந்து பார்க்காமல் போனது வருத்தம். எதுவும் சொன்னார்களா? இருவரும் சுகம்.

மாரித்தாய்

* * *

தென்காசி
27-6-58

மகள் மாரித்தாய்க்கு அப்பாவின் ஆசி. உன் கார்டு கிடைத்தது. இங்கே சுகம். சாரல் பிடித்துவிட்டது, உன் அம்மா முழங்கால் வானிலை அறிக்கை வாசிக்கிறது.

பாய் ஒன்றும் சொல்லவில்லை. வேஷ்டி விலை ஏறிப்போச்சு என்றார்.

பார்சலில் பனங்கற்கண்டும் சித்தரத்தையும் அனுப்பியிருக்கிறேன். தொண்டைக்கு நல்லது. ஓயாமல் பேசுகிறவர்களுக்குத் தொண்டை கட்டும். நம் குடும்பத்தில் எல்லாரும் ஓயாமல் பேசுகிறவர்கள்தானே, அதற்காகச் சொன்னேன்.

ஆறாம் தேதி மேனேஜர் வருகிறார். ஸ்டேஷனில் போய் அழைத்துவரும் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அப்பா

* * *

தென்காசி
3-8-58

மகள் மாரித்தாய்க்கு அப்பாவின் ஆசி. இங்கே தேகம் சுகம். மானம் மட்டும் கொஞ்சம் காய்ச்சலாய்க் கிடக்கிறது. உன் சுகத்துக்கு எழுது.

மில்லிலேருந்து பதில் வந்திட்டு. மைதானத்தைப் பார்வையிட முடியாமப் போனதாலே, பஞ்சுக் கிட்டங்கி இடத்தையே நிரத்தத் தொடங்கிட்டாங்களாம். மாப்பிள்ளை சொல்லியிருப்பார். நடந்ததை என் வாயாலேயும் கேளு. ஊரிலே ஆளுக்கொரு விதமாச் சொல்லுதான், எல்லாத்திலேயும் நான்தான் கோமாளி.

மேனேஜர் வண்டியை விட்டு இறங்கினார். நல்ல மனுசன். ரெயில் கரி விழுந்து கண்ணு செவந்து கிடந்தது. மைதானத்திலே பாயும் கமிட்டியும் மாலையோட, தவில் மேளத்தோட காத்து நிக்காங்க. வாடகைக் காரிலே ஏத்தினேன். அவர், "இந்தக் கண்ணோட என்னத்தைப் பார்க்க?"ன்னார். எனக்கு அந்த நேரம் தீர்மானம் மறந்துபோச்சு. ஆறாங்கிளாசை ரெண்டு தரம் படிச்ச புத்தி அது. "ஒரு முங்கு முங்கிட்டுப் போயிருவோம், அண்ணாச்சி"ன்னு காரைக் குற்றாலத்துக்குத் திருப்பச் சொல்லிட்டேன்.

அங்கன சுடலைமாடன் நிக்கான். விருந்தாளியைக் கண்டா அவன் விடுவானா? எண்ணெயைக் காய்ச்சி உச்சியிலே வச்சு, முதுகிலே ரெண்டு தாளம் போட்டான். மேனேஜர் பாதி உசிரை அங்கனயே விட்டுட்டார். மீதியை அருவி வாங்கிட்டு. மேலே தண்ணி, கீழே மனுசன். "இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம்"னு நிக்கார். வந்ததும் பசி. லாட்ஜிலே சொதி தயாரா இருந்தது, முதல் தேங்காய்ப்பால் தாராளமா விட்டு. மூணு தரம் வாங்கிச் சாப்பிட்டார். இஞ்சிப் பச்சடி வைக்கச் சொல்ல மறந்துட்டேன். "கண்ணை மூடித் திறந்துக்கிடுதேன்"னு பாயிலே சாய்ஞ்சார். வெளியே சாரல், உள்ளே குறட்டை. விருந்தாளியைத் தட்டி எழுப்ப எனக்குக் கை வரலே.

எழும்பினப்போ வண்டிக்கு நேரமாச்சு. மைதானத்து வழியாத்தான் கார் போச்சு. ஜன்னல் கண்ணாடியெல்லாம் சாரல். கேலரியைக் காட்டினேன். "தோப்பு நல்லாயிருக்கு"ன்னார். வேற நாள் வரச்சொல்லிக் கமிட்டி எழுதிப் பார்த்தது. மில்லுலே காத்திருக்கலே.

பாய் காலையிலேருந்து மாலையைக் கையிலே வச்சுக்கிட்டு நனைஞ்சு நின்னிருக்கார். கார் நிக்காமப் போனதைப் பார்த்ததும் மாலையைக் கேலரிக் கம்பிலே மாட்டிட்டுப் போயிட்டார். அதுக்கப்புறம் என்னோட பேச்சு இல்லை. தெருவிலே என்னைக் கண்டா பயலுக, "மாமா, எண்ணெய் இருக்கா?"ங்கான்.

ஸ்டேஷன் பக்கத்து வீட்டை வேற ஆளுக்கு விட்டாச்சு. நீ வருத்தப்படாதே. உன் அம்மா ரெண்டு நாள் சாப்பிடலே, இப்போ சரியாயிட்டு.

அப்பா

* * *

கோயம்புத்தூர்
31-8-58, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு மாரித்தாய் நமஸ்காரம். நானும் அவுகளும் சுகம். பனங்கற்கண்டு தீர்ந்துபோச்சு. இன்னும் கொஞ்சம் அனுப்புங்க. தொண்டை கட்டத்தான் செய்யுது.

இந்தக் கடிதாசியை எழுதிக் கிழிச்சு, எழுதிக் கிழிச்சு, இது எத்தனாவதுன்னு தெரியலே. அப்பா, நான் போன வருஷம் ஜூன்லேருந்து இங்க முனிசிபல் ஸ்கூல்லே டீச்சரா இருக்கேன். அவுகதான் விண்ணப்பம் வாங்கிக் கொடுத்தாக. போன வாரம் நிரந்தரமாயிட்டு. சம்பந்திகிட்டே நீங்க பெருமையாச் சொன்ன சொல்லை நான் பொய்யாக்கிட்டேனேன்னு முதல்லே சொல்லலே. அப்புறம் நீங்க மைதானத்திலே கல்லுப் பொறுக்குதேன்னு எழுதினப்போ சொல்ல வாய் வரலே. மே மாசம் வராததும் அதனாலேதான். உங்க முகத்தைப் பார்த்துக்கிட்டு எனக்குப் பொய் வராது. டீம் வந்திருந்தா வேலையை விட்டுட்டு வந்திருப்பேன். வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

உங்க கடிதாசியை அவுககிட்டே வாசிச்சுக் காட்டினேன். குறட்டை வரைக்கும் சிரிச்சுட்டு, "மாமா இப்படிப் போய் மறப்பாகளா?"ன்னு கேட்டாக. நான் உங்க பழைய கடிதாசியை எல்லாம் எடுத்து மறுபடி வாசிச்சேன்.

எண்ணெய் தேய்ச்ச அன்னைக்குப் பகல்லே தூங்காதேன்னு எனக்கு மார்ச் மாசம் எழுதினவங்க நீங்க. தீர்மானம் போட்டவங்களும் நீங்க. அதைக்கூட மறந்தீங்கன்னு வச்சுக்கிடலாம். ஆனா அப்பா, நம்ம வீட்டிலே சொதிக்கு இஞ்சிப் பச்சடி இல்லாம இலை போட்டதே கிடையாது. அம்மா ஒரு தரம் மறந்தப்போ, "சொதி மந்தம், இஞ்சி இல்லாட்டி ஆளைச் சாய்ச்சிரும்"னு நீங்க சாப்பிடாம எழுந்திரிச்சுப் போனீங்க.

இதுக்கு மேலே கேக்கலே. நீங்களும் சொல்ல வேண்டாம்.

பாய் மாமாவை நினைச்சாத்தான் தூக்கம் வரலே. அந்த மாலை இன்னும் அங்கனயேவா கிடக்கு?

மாரித்தாய்

* * *

தென்காசி
15-2-59

மாரித்தாய் டீச்சருக்கு அப்பாவின் ஆசி. இடையில் சீர், சித்தரத்தை என்று கார்டு போட்டதோடு சரி, கடிதாசி எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. உன் கடிதாசியை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். சம்பந்திக்கு மட்டும் அன்றைக்கே எழுதிவிட்டேன், மருமகள் டீச்சர் என்று. தாணுதான் ஆறு மாதம் முன்னாலேயே சொல்லிவிட்டாரே என்று பதில் வந்தது. ஊரிலேயே கடைசியாகத் தெரிந்துகொண்டவன் நான்தான் போலிருக்கிறது. இங்கே எல்லாரும் சுகம். இன்னொரு பல் போயாச்சு.

இஞ்சி விஷயம் நீ எழுதியிருந்தே. வயசானா மறதி வரும். விடு.

தீபாவளி கழிஞ்சு பாய் கடைக்கு நானே போனேன். வேஷ்டி எடுக்க மாதிரி. விலையெல்லாம் கேட்டுட்டு நின்னேன். அவர் துணியை மடிச்சுக்கிட்டே, "அன்னைக்கு லாட்ஜிலேருந்து உமக்கு ஒரு லெட்டர் போட்டேன். அதை எழுதாம இருந்திருக்கலாம்"னார். நான் ஒரு வேஷ்டியை விரிச்சுப் பார்த்தேன். "சேம் சைடு கோல் போட்டுட்டேரே, ஓய்"னார். "எனக்குத்தான் எந்தப் பக்கம் நம்ம பக்கம்னு எப்பவும் தெரியாதே, பாய்"ன்னேன். மடிச்ச துணியை அடுக்கி வச்சார். பிறகு டீ வாங்கியாரச் சொன்னார். ரெண்டு கிளாஸ். "பிள்ளை நல்லாப் பாடம் நடத்துதா"ன்னார். அந்த டீயை ஆறவிடாமக் குடிச்சேன்.

அவருக்கு ஒரு டீம் கடன்பட்டிருக்கேன். அதனாலே நானே மில் முதலாளிக்கு எழுதினேன், எட்டாங்கிளாஸ் இங்கிலீஷிலே. டீம் இங்க குடியேற வேண்டாம், ஒரே ஒரு மேட்ச், நம்ம ஊர்ப் பையங்களோட ஆடிட்டுப் போகட்டும்னு. சரின்னு பதில் வந்திட்டு. பாய் அந்தக் கடிதாசியைக் கடையிலே சாமி படம் மாதிரி மாட்டியிருக்கார். கேலரி முழுசாப் போட்டுக்கிட்டிருக்கேன். தவில்காரர் மறுபடி ஏறி உட்கார்ந்து பார்த்தார். மேனேஜருக்கும் அழைப்பு உண்டு. மைதானத்துக்கு அவரை பாய்தான் கூட்டிட்டு வருவாராம். நான் ஸ்டேஷன் பக்கமே வரக்கூடாதுன்னு கமிட்டித் தீர்மானம்.

தேதி இன்னும் குறிக்கலே. உங்க ஸ்கூல்லே கோடை லீவு என்னைக்குத் தொடங்குதுன்னு கேட்டு எழுது. அதுக்கு மறுநாள்னு பாய் போஸ்டர் அடிக்கச் சொல்லியிருக்கார். மாப்பிள்ளை கம்புக்கு நடுவிலே நிக்கட்டும். நீ கேலரியிலே என் பக்கத்திலே உட்கார்ந்து ஆஃப்சைடுன்னா என்னன்னு சொல்லிக் கொடு. கரும்பலகை வேணும்னாலும் கொண்டாரேன்.

அப்பா

பின்குறிப்பு: இதை உன் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். "உம்ம பழைய கடிதாசியிலே என்னைப் பத்தி எழுதினதை எல்லாம் பாய்கிட்டே சொல்லியிருக்கேரு, அவர் பொண்டாட்டி என்கிட்டே சொல்லிட்டா. ரெயிலேத்திவிட்ட அன்னைக்கு அழுதது நான் இல்லை, ரெண்டு நாள் சாப்பிடாம இருந்ததும் நான் இல்லைன்னு எழுதும்"ங்கா. அவ சொன்னபடி எழுதிட்டேன். வேற யாரும் அழுததா எனக்கு ஞாபகம் இல்லை.